கூப்ப வராத கை

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த புதிதில், எங்கள் வேதக்கோயில் கமிட்டித் தலைவர் என் பாட்டிலிருந்து ஒரு வரியை எடுக்கச் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். கோயிலுக்குப் பாட்டுக் கட்டிய இத்தனை வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். இப்போது பாட்டு எழுதுகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, ராகம் எப்படிப் பிடிப்பது, எதுகை எப்படிப் போடுவது என்று கேட்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

1. கட்டைக்குக் கட்டின பாட்டு

சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எனக்குக் கட்டை அடுக்குகிற வேலை. ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி இல்லை. எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். மரச்சட்டத்தில் ஒரு வரிசை குச்சி பரத்த வேண்டும். அதன் மேல் சக்கை என்கிற மெல்லிய மரப்பட்டையை வைத்து அமுக்கி, அடுத்த வரிசை பரத்த வேண்டும். சட்டம் நிறைந்தால் ஒரு கட்டை. அதை அப்படியே மருந்தில் முக்குவார்கள். வரிசை கோணினால் ஃபோர்மேன் கட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கை ஒரே சீராகப் போவதற்காகப் பாடுவோம். சினிமாப் பாட்டு அதற்கு ஆகாது. நடுவில் குரலை இழுத்து வளைப்பார்கள். அதுவரை கை அந்தரத்தில் நிற்கும். அதனால் நானே பாட்டுக் கட்டினேன். ஒரு வரி பாடி முடிப்பதற்குள் ஒரு வரிசை முடியும். வரியின் கடைசிச் சொல்லில் சக்கை விழும். என் பாட்டுகள் எல்லாம் இப்படிக் கட்டினவைதான். அவற்றில் ஆண்டவர் பெயர் இருந்ததால் கோயிலுக்கும் போயின.

எனக்குப் பக்கத்தில் பேச்சியம்மா உட்காருவாள். மாரியம்மனுக்கு வருடம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவள். அவளும் என் பாட்டைத்தான் பாடுவாள்.

"ஏ லூர்தம்மா, உங்க சேசுவுக்கு என் குரல் ஆகுமா?" என்று கேட்பாள்.

"உன் குரல் கழுதைக்கே ஆகாது."

"எந்தச் சாமியா இருந்தா என்ன பிள்ள? வரிசை நேரா நிக்குதுல்ல, அது போதும்."

2. மதினி

என் அண்ணன் மனைவி அந்தோணியம்மா பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தாள். அந்த ஆபீஸின் முதலாளிதான் எங்கள் கோயில் கமிட்டித் தலைவர். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும்போது ஒரு நாள் மருந்து பற்றிக்கொண்டது. மதினிக்கு உயிர் தப்பியது. இரண்டு கையும் வெந்துவிட்டன. ஆறினபோது விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உள்ளே மடங்கிப்போயிருந்தன.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு பொட்டலம் திராட்சையோடு வந்தார். அண்ணனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வீட்டு அடுப்புல வெந்துச்சுன்னு சொல்லிருப்பா. லைசென்ஸ் போச்சுன்னா அம்புட்டுப் பேர் வேலையும் போயிரும். நம்ம ஊரு ஆளுகதான எல்லாரும்?"

அண்ணன் தலையை ஆட்டினான். ஆஸ்பத்திரியில் எழுதியதும் அடுப்புதான், ஊர் சொன்னதும் அடுப்புதான். அதற்குப் பிறகு கோயிலில் எல்லோரும் கை கூப்பும்போது மதினி மட்டும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள்.

3. கோதுமையும் திராட்சையும்

அந்த வருடம் திருவிழாவுக்கு மேற்றிராணியார், அதாவது பிஷப், வருவதாக இருந்தது. புதிதாக வந்திருந்த இளம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, பூசையில் அப்பமும் திராட்சை இரசமும் பீடத்துக்குப் போகும் நேரத்தில் பாடத் தமிழில் ஒரு காணிக்கைப் பாட்டு வேண்டும் என்றார். அதுவரை கோயிலில் பாடியது ஆர்மோனியம் வாத்தியாரும் அவரோடு நிற்கும் ஆறு ஆண்களும்தான். என்னையும் அவர்களோடு நிற்கச் சொன்னார்.

நான் கட்டினது இது:

குச்சி அடுக்கும் கை இது, கொண்டு வந்தோம் ஆண்டவரே
பெட்டி ஒட்டும் கை இது, கொண்டு வந்தோம் ஆண்டவரே
மருந்து தின்ற கை இது, கூப்ப வரல ஆண்டவரே

கட்டின அன்றே ஆபீஸில் பாட ஆரம்பித்துவிட்டோம். தாயில்பட்டி, விஸ்வநத்தம் என்று நாலு பக்கமிருந்தும் வேலைக்கு வந்த பெண்களுக்கு ஒரே மாதத்தில் பாட்டு மனப்பாடமாகிவிட்டது.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோயிலில் ஒத்திகை. முதலாளி வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது வரி வந்ததும் எழுந்துவிட்டார்.

"ஏ லூர்தம்மா, இது என்ன பாட்டா, கோர்ட்டு மனுவா?"

"காணிக்கைப் பாட்டு, மொதலாளி."

"காணிக்கைன்னா நல்லதத்தான குடுக்கணும்? வெந்த கையவும் கருகுன கையவுமா கொண்டு போவாக? மேற்றிராணியாரு யாரு கை, எங்கன வெந்துச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க."

அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டுச் சாமியாரைப் பார்த்தார். கோயிலுக்குப் புதுக் கூரை போட்டது அவர். சாமியார் தரையைப் பார்த்தார். "அந்த ஒரு வரிய மட்டும் மாத்திருங்கம்மா, சமாதானமாப் போயிரட்டும்" என்றார்.

ஆர்மோனியம் வாத்தியார் அங்கேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். 'கோதுமையின் அப்பமும் திராட்சையின் இரசமும் கொண்டு வந்தோம் ஆண்டவரே.' எங்கள் ஊரில் விளைவது கம்பும் சோளமும். திராட்சையை நாங்கள் பக்கத்தில் பார்த்ததே ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தப் பொட்டலத்தில்தான். இருந்தும் சரி என்றேன். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை நிற்பது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தை விட எனக்கு மனசில்லை. அதற்காக மதினியின் கையை விட்டுக்கொடுத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

4. கட்டை கோணியது

மறுநாள் புது வரியை ஆபீஸில் சொல்லிக்கொடுத்தேன். வரி நீளம். குச்சி பரத்தி முடிந்த பிறகும் பாதி வரி பாக்கி இருந்தது. சக்கையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். சிலர் அவசரப்பட்டு வைத்து வரிசை கலைந்தது. மத்தியானத்துக்குள் ஃபோர்மேன் ஏழெட்டுக் கட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பேச்சியம்மா கையிலிருந்த சக்கையைக் கீழே போட்டாள்.

"உன் கோதுமையில கட்டை நிக்கமாட்டேங்கு பிள்ள. யாரு மாத்தச் சொன்னது?"

சொன்னேன்.

"அந்தோணியம்மா கை இருந்த இடத்துலயா திராட்சைய வச்ச? உனக்கு வெக்கமா இல்ல?"

அவள் பழைய வரியை எடுத்தாள். மொத்தக் கொட்டகையும் கூடப் பாடியது. நான் வாயைத் திறக்காமல் குச்சி அடுக்கினேன்.

5. திருவிழாப் பூசை

கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் தரையில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள். பேச்சியம்மாவும் வந்திருந்தாள். நான் ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்றேன். முதல் இரண்டு வரி எல்லோரும் சேர்ந்து பாடினோம். பெண்களின் கைகள் மடியில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன. அவர்களுக்கே அது தெரியாது. அந்தப் பாட்டைக் கை ஆடாமல் அவர்கள் பாடியதே இல்லை.

மூன்றாவது வரியில் ஆறு ஆண்களும் "கோதுமையின்" என்று எடுத்தார்கள். தரையிலிருந்து "மருந்து தின்ற கை இது" என்று வந்தது. நான் வாயைத் திறந்தது கோதுமைக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே வந்தது பழைய வரி. அதற்குப் பிறகு நான் கோதுமைக்குத் திரும்பவில்லை. உரக்கவே பாடினேன்.

பாட்டை நிறுத்துவதற்காக வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்தினார். ஆர்மோனியத்தையே பார்க்காமல் கட்டினது அந்தப் பாட்டு. அது பாட்டுக்குப் போனது. ஆண்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளி முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஒரு பொம்பளையும் நிறுத்தவில்லை.

பூசை முடிந்து மேற்றிராணியாரின் மோதிரத்தில் முத்தமிட்டு முத்தி செய்ய வரிசை நின்றது. முதலாளி அவர் பக்கத்திலேயே நின்றார். மதினியும் வரிசையில் வந்தாள். முழங்காலில் நின்றாள். முத்தி செய்வதற்கு அவர் கையைத் தன் கையில் ஏந்த வேண்டும். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தாள்.

மேற்றிராணியார் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

முதலாளி முந்திக்கொண்டார். "வீட்டுல அடுப்புல வெந்ததுங்க."

மதினி நிமிர்ந்தாள். "இல்ல சாமி. இவுக ஆபீஸ்ல புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கையில வெந்தது."

மேற்றிராணியார் அவள் தலையில் கை வைத்தார். அடுத்த ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான். அவரால் எங்களுக்கு எதுவும் ஆகிவிடவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் அடுப்பு என்ற பேச்சு வரவில்லை.

6. கையெழுத்து

திங்கட்கிழமை சாமியார் பங்களாவுக்கு வரச் சொன்னார்கள். முதலாளியும் வாத்தியாரும் அங்கே இருந்தார்கள். ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாவது வரி என் கற்பனை, அதில் சொன்னது போல எந்த ஆபீஸிலும் எதுவும் நடக்கவில்லை என்று.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ. பழையபடி ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல நின்னு பாடு" என்றார் முதலாளி.

நான் சாமியாரைப் பார்த்தேன். "சாமி, நாளைக்கு இந்தப் பொய்ய நான் பாவசங்கீர்த்தனத்துல உங்ககிட்ட பாவம்னு சொன்னா, நீங்கதான அதுக்கு அபராத செபம் குடுப்பீக? இப்பவே குடுத்துருங்க, கையெழுத்தோட சேத்துச் செஞ்சிருதேன்."

அவர் முகம் சிவந்தது.

"திமிரு" என்றார் முதலாளி.

"ஆமா" என்றேன்.

கையெழுத்துப் போடவில்லை. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் என்னை அதற்குப் பிறகு நிற்க விடவில்லை. தரையில் உட்கார்ந்து பாடினேன். அங்கே குரல்கள் அதிகம். பின்னாளில் ஒரு பாட்டுப் புத்தகம் அச்சடித்தார்கள். அதில் என் பாட்டு கோதுமை வரியோடு, வாத்தியார் பெயரில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பார்த்து அந்தப் பாட்டை யாரும் பாடி நான் கேட்டதில்லை.

பாட்டு எழுதுகிற பிள்ளைகளே, உங்களிடமும் திருத்தம் சொல்ல ஆள் வருவார்கள். சந்தம் இடிக்கிறது, ராகம் சேரவில்லை என்று பாடுகிறவர்கள் சொன்னால் உடனே திருத்துங்கள். அவர்கள் கைக்கும் மூச்சுக்கும்தான் பாட்டு. பாடாதவர் ஒருவர் வந்து ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னால், அது எந்த வரி என்று பாருங்கள். மற்ற வரிகளை எல்லாம் அவரிடமே கொடுத்துவிடலாம். அந்த வரியை மட்டும் கொடுக்காதீர்கள்.