தொடாதீங்க, தானா மாறும்

பிள்ளையார்பாளையத்தில் சங்கீதாவின் பிடிவாதம் பிரசித்தம். தறிக்காரர் மகள், படித்ததோ கம்ப்யூட்டர். நெசவாளர்களுக்குப் புடவை ஆர்டரைப் போனில் காட்டும் வெப்சைட் ஒன்றைக் கணவன் அருளோடு சேர்ந்து நடத்துகிறாள். போனில் தெரியும் பக்கம் அவன் பொறுப்பு, சர்வர் அவள் பொறுப்பு. சண்டையும் அங்கேதான்.

"சர்வர் சேதிய மட்டும் அனுப்பட்டும். எந்தக் கட்டத்துல காட்டணும்னு பக்கத்துக்கே தெரியும்" என்பான் அருள்.

"அதெல்லாம் வேணாம்பா. இந்தக் கட்டத்துல இத மாத்துன்னு ஸ்கிரிப்டையே சர்வர் எழுதி அனுப்பிடும். எல்லாம் ஒரே இடத்துல இருக்குது, எனக்கு அதான் வசதி" என்பாள் அவள். மூன்று வருடமாக அவள் சொன்னதுதான் நடந்தது. நன்றாகவும் ஓடியது, இல்லையென்று சொல்ல முடியாது.

ஆவணி முகூர்த்தத்துக்கு, அந்த நெசவாளர்களில் ஒருவரான வேலாயுதம் ஒரு கூறைப்புடவை நெய்துகொண்டிருந்தார். பாதியில் பெண்வீட்டார் மனம் மாறி, புடவையின் உடல்பகுதியில் மயில் புட்டா வேலைப்பாடு வேண்டாம் என்றார்கள். சர்வர் உடனே ஸ்கிரிப்டை அனுப்பியது. ஆனால் முந்தின நாள்தான் சங்கீதா புட்டா விவரம் காட்டும் கட்டத்துக்குப் புதுப்பெயர் வைத்திருந்தாள். வேலாயுதத்தின் போனில் திறந்திருந்தது பழைய பக்கம். ஸ்கிரிப்ட் வந்து புதுப்பெயரைத் தேடியது, காணோம். சத்தமில்லாமல் போய்விட்டது; திரையில் பழைய ஆர்டரே நின்றது.

மூன்றாம் நாள் புடவையைப் படம் எடுக்கப் போன சங்கீதா தறியைப் பார்த்தாள். ஒரு முழம் நீளத்துக்கு ஜரிகை மயில்கள்!

"ஐயையோ மாமா, புட்டா வேணாம்னு சேதி வந்துச்சே! பக்கத்த ஒரு தபா மூடித் திறந்திருக்கக் கூடாதா?"

தறிக்காலில் கட்டியிருந்த போனை அவர் காட்டினார். ஆறு நாளாக அது அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. "நீதானேம்மா சொன்ன, தொடாதீங்க மாமா, தானா மாறும்னு. அதான் வெரல்கூட வைக்கல."

குறையாகச் சொல்லவில்லை மனுஷர். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. "என் தப்பு மாமா" என்றாள்.

"விடும்மா. முகூர்த்தத்துக்கு நாள் இருக்குது, பிரிச்சுடலாம்."

அருளுக்குப் போன் போட்டாள். "நீ சொன்னதே சரிப்பா. சேதி மட்டும் அனுப்புவோம்." கிண்டல் செய்வான் என்று காத்திருந்தாள்.

"சாப்டியா? நான் சோறு எடுத்துக்கினு வரேன், இரு" என்றான், அவ்வளவுதான்.

வேலாயுதத்தோடு உட்கார்ந்து ஒவ்வோர் இழையாகப் பிரித்தாள். பொழுது சாயும்போது கடைசி மயிலும் போயிற்று.

வேலாயுதம் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, போன் முன்னால் வந்து நின்றார்.

"இப்போ தொடலாமாம்மா?"

"தொடுங்க மாமா" என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.