வாப்பா குறைத்த மூன்று வருடங்கள்

ஒஸ்லோவில் இரத்தம் எடுக்கும் தாதி முதலில் பெயரைக் கேட்பதில்லை. பிறந்த திகதியைத்தான் கேட்பார். பதினெட்டு வருடங்களாகியும் எனக்கு அது பழகவில்லை. புத்தளத்தில் என்றால் முதற்கேள்வி, எந்த ஊர் என்பதுதான்.

சென்ற வருடம் என் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடுதலாக இருந்தது. வயது, ஆணாயிருப்பது, புகை, கோப்பி, கீரை குறைந்த சாப்பாடு, பரம்பரை எல்லாம் அதனுடன் தொடர்புடையவை என்றார் மருத்துவர். அது மட்டுமே மாரடைப்பைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாதாம். வாப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். “நாற்பத்தாறு வயதில், கவலையில்” என்றேன். மனநோயா என்று கேட்டு எழுதப்போனார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டுவந்த கவலை என்றுதான் புத்தளத்துத் தில்லையடி முகாமில் எல்லோரும் சொன்னார்கள். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததை யாரும் நோயாக எண்ணவில்லை. என்னை ‘நானா’ என்று கூப்பிடும் தம்பிக்கு இப்போது நாற்பத்தாறு.

விடுமுறையில் ஊருக்குப் போய், மதுரங்குளியில் அவன் வேலைசெய்யும் கடையில் ஒரு நாள் முழுவதும் இருந்து குறிப்பெடுத்தேன்: பதினொரு சிகரெட், ஆறு கோப்பி, கீரை இல்லை. மறுநாள் அவனை வெறும் வயிற்றோடு புத்தளத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்கு இழுத்துப்போனேன்.

“வயசு?” என்றாள் பதிவுசெய்யும் பெண்.

“நாப்பத்திமூணு” என்றான் தம்பி.

“நாப்பத்தாறு” என்றேன் நான்.

“ரெண்டு பேரும் கதைச்சு ஒண்டைச் சொல்லுங்க.”

மன்னாரிலிருந்து வந்தபோது பிறப்புப் பத்திரங்கள் கையில் இல்லை. முகாமில் கெட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, புதிய பதிவில் வாப்பா எங்கள் இருவருக்கும் மூன்று வயது குறைத்தார்.

தம்பியின் இரத்த முடிவு என்னுடையதைவிடக் கூடுதல். சிகரெட்டை விடச் சொன்னேன்.

“வாப்பா மூணு வருஷம் மிச்சம் வச்சிட்டுத்தானே மௌத்தானார், நானா. ஐடி காட்டைப் பாருங்க.”

“ரத்தம் காட்டைப் பாக்காதுடா.”

சிரிப்பை நிறுத்தினான். “அப்ப ஒங்கட ரத்தம்? அங்க என்ன வயசு குடுத்திருக்கீங்க?”

என் குடியுரிமை, வேலை எல்லாம் வாப்பா எழுதிய திகதியில்தான் நிற்கின்றன.

“நீங்க அங்க சரியான வயசச் சொல்லுங்க. அண்டைக்கே நான் விடுறன்.”

நேற்று எனக்கு மறுபரிசோதனை. நாளையும் நேரத்தையும் தம்பிக்கு அறிவித்திருந்தேன். தாதி பிறந்த திகதியைக் கேட்டார். புத்தளத்தில் பதிந்த திகதியைச் சொன்னேன். அந்தத் திகதி ஒட்டிய சிறு குப்பியில், மன்னாரில் மூன்று வருடம் முந்திப் பிறந்த இரத்தம் நிறைந்தது. வெளியே வந்ததும் தொலைபேசி அடித்தது.

“சொன்னீங்களா, நானா?”

“தாதி கேட்டாங்க…” என்று தொடங்கினேன். மறுமுனையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.