ஏரிக்கரை வல்லாரையும் வெள்ளை மண்மேடும்

வேரிலும் இலையிலும் மருந்தாய் மறைந்து நிற்கும் பரம்பொருளே, நினைவு தவறியோர்க்கும் நீயே துணை.

2001ஆம் ஆண்டு, தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின் வந்த ஐப்பசியில், கோலார் தங்க வயலுக்குத் தனியே சென்றேன். அதுவரை எப்பயணமும் என் மனைவி அலமேலுவோடுதான். அவ்வாண்டு அவளுக்கு என் பெயர் மறந்திருந்தது.

வல்லாரையிலும் மஞ்சளிலும் உள்ள சில சேர்மங்கள் மூளையின் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுவதாக மருத்துவர் சொன்னார். உறுதியில்லை, மாத்திரைகளை நிறுத்தாமல் உணவாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார். வேலூர்ச் சந்தை வல்லாரையை அலமேலு வாயிலேயே வைக்கவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் பிறந்தவள் அவள். "ஏரிக்கரைக் கீரை இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அவ்வூருக்கு அருகே உள்ள பேத்தமங்களா ஏரியைச் சொல்கிறாள் என்று புரிந்தது. அவளை என் தங்கையிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

காட்பாடியில் காலை 6.10க்கு ரயில், 9.20க்குப் பங்காருப்பேட்டை. அங்கிருந்து மாரிக்குப்பம் பாசஞ்சருக்கு ஐந்து ரூபாய், நாற்பது நிமிடம். பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தேன், யாரேனும் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று. எவரும் கேட்கவில்லை.

மாரிக்குப்பத்தில் இறங்கி, ஏரிக்குப் போக ஆண்டர்சன்பேட்டையை நோக்கி நடக்கையில், வெண்சாம்பல் நிற மண்மேடு ஒன்றின் அடியில், கால்வாயோரம் வல்லாரை அடர்ந்து கிடந்தது. இலை எங்கு முளைத்தால் என்ன, அவளுக்கா தெரியப்போகிறது என்று எண்ணினேன். அந்த எண்ணத்துக்காக இன்றும் வெட்குகிறேன். பை நிறையப் பறித்துவிட்டு, நிலையம் திரும்ப ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

ஓட்டுநர் தேவராஜ், சுரங்கக் குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டை இயக்கியவர். சுரங்கம் மூடியபின் ஆட்டோவுக்கு வந்தவர். பையைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார்.

"இன்னா சாமி, இத்த எங்க பறிச்சீங்க?"

கால்வாயைக் காட்டினேன்.

"அது சயனைட் மேடு சாமி. தங்கம் பிரிச்சிட்டு மிச்சத்த கொட்டனது. மழ பேஞ்சா அந்தத் தண்ணிதான் இங்க எறங்குது. அங்க ஒரு மாடாவது மேயுதா பாருங்க. யாருக்கு இது?"

"மூளைக்கு நல்லதென்று..."

"நல்லா இருக்குது போங்க. மூளைய காப்பாத்தி ஆள அனுப்பிடுவீங்க போல."

"என் மனைவிக்கு" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டினார். "கைய நல்லா கழுவிக்கினு ஏறுங்க. ஏரிக்கே போலாம்."

பேத்தமங்களாவுக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்வர எண்பது ரூபாய். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த கரையில் இருவரும் குனிந்து பறித்தோம். ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்த்தே பையிலிட்டார் தேவராஜ்.

மாலை ஆறரைக்கு வீடு சேர்ந்தேன். தேங்காயும் புளியும் சேர்த்துத் துவையல் அரைத்தேன். அலமேலு முகர்ந்தாள். ஒரு கவளம் உண்டாள், மறு கவளமும். "ஏரிக்கரைக் கீரைதான்" என்றாள். அடுத்து என்னை அழைப்பாள் என்று காத்திருந்தேன்.

"ரொம்ப தூரத்துல இருந்து கொண்டாந்தீங்களா? வூட்டுல உங்களுக்காகக் காத்துக்கினு இருப்பாங்க, போங்க" என்றாள்.

அவள் உண்ட வாழையிலையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

அடிக்கடி ஏரிக்குப் போய்ப் பறித்துவந்தேன்; அந்தத் துவையலை இரண்டு ஆண்டுகள் விடாமல் உண்டாள். பெயர் திரும்பவில்லை. இலை பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். மறதியின் வேகத்தை அது தடுத்ததா என்று அறிய என்னிடம் வழியில்லை.

செல்வோர்க்குச் சில சொற்கள்: கட்டணங்கள் அன்றையவை. மண்மேடுகளின் அருகே முளைத்த எதையும் உண்ணாதீர்கள். உள்ளூரார் ஒருவரைக் கேளாமல் எதையும் பறிக்காதீர்கள். மருத்துவரைக் கேளாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் இல்லத்தாரும் நலமாய் வாழ்க. நீங்கள் வீடு திரும்பும் நாளெல்லாம், உங்களைப் பெயர் சொல்லி அழைக்க அங்கே ஒருவர் இருக்க இறைவன் அருள்க.