தலைவலி என்று சொன்னேன்

இப்போது என் முழங்கால் வலியைக் கேட்காதவர்கள் இந்த வட்டாரத்திலேயே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமும் சொல்லுவேன், ரொட்டிக்காரரையும் விடமாட்டேன். "கெழவி ஆரம்பிச்சிட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார்கள். நகரட்டுமே, எனக்கென்ன? கிழவியாகிவிட்டால் வலியைச் சொல்ல வெட்கமில்லை. பதினெட்டு வயதில் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலாயாவில் மூவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள் நான். அம்மா, அக்கா எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் வேலையாட்கள் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். உடம்புக்கு முடியாதவர்கள் அங்கேயே, அத்தனை பேர் காதிலும் விழ, டிரசரிடம் சொல்ல வேண்டும். மருந்து கொடுப்பவர் அவர்தான். வேலையா ஆஸ்பத்திரியா என்று முடிவு செய்பவரும் அவரே.

அடுத்த வீட்டுப் பத்து வயதுப் பெண் "வயித்துக்குள்ள யாரோ கிள்ளுறாங்க" என்று கத்துவாள், களமே சிரிக்கும். மாடு பார்க்கும் கிழவர் "குத்துது, குடையுது, இழுத்துப் பறிக்குதுங்க அய்யா" என்று தொடங்கினால், "போதும் பெரியவரே" என்று டிரசரே கும்பிட்டுவிடுவார். எங்கள் வயசுப் பெண்களுக்கு மட்டும் ஒரே வலிதான், தலைவலி. கழுத்துக்குக் கீழே எது வலித்தாலும், ஆம்பிளைகள் முன்னால் அதைத் தலையில்தான் ஏற்றிச் சொல்லுவோம்.

எனக்கு ஏழாம் மாதம். ஒருநாள் எழும்போதே அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்கிப்போய்ப் புருஷனிடம் சொன்னேன். "டிரசர்கிட்ட சொல்லு" என்றுவிட்டு ஆண்கள் வரிசைக்குப் போய்விட்டார். சொல்லத்தான் போனேன், சத்தியமாக. டிரசருக்குப் பின்னால் கங்காணி, கங்காணிக்குப் பின்னால் அத்தனை ஆண்கள்.

"என்னம்மா பண்ணுது?"

"தலைவலிங்க."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க."

இரண்டு வெள்ளை மாத்திரை கொடுத்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புல் வெட்டப் போனேன். வெயில் ஏறுவதற்குள் ரப்பர் மரத்தடியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவில்லை.

ஆண்கள் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பகல் முழுக்கப் பலகைச் சுவரைப் பார்த்தபடி தனியாகக் கிடந்தேன். மூன்றாம் நாள் மாரில் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. ரவிக்கையெல்லாம் நனைந்தது. குடிக்கத்தான் ஆளில்லை.

அன்று சாயங்காலம் டிரசர் வாசலில் வந்து நின்றார், கூடவே கங்காணியும் என் புருஷனும். டிரசர் நல்ல மனுஷர்தான்.

"இப்ப எங்கம்மா வலிக்குது? மறைக்காம சொல்லு."

முந்தானையை மாரோடு இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"தலைதாங்க" என்றேன்.

மறுபடியும் அதே இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்.