உரக்கடையில் இருந்த பிரதி

பைக்கில் விழுந்ததில் என் வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அதற்குப் பிறகும் குத்துக்கல்வலசை வீட்டில் உட்கார்ந்தபடி வெளியூர் கம்பெனிக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறேன் என்றால், முகம் தெரியாத ஒரு புண்ணியவான் எழுதிய ப்ளகின்தான் காரணம். நிரல் எழுதும் எடிட்டரோடு சேர்ந்து ஓடும் சின்ன இணைப்பு அது. இடது கையால் இரண்டு எழுத்துத் தட்டினால் போதும், முழு வரியையும் அதுவே போட்டுவிடும். அவர் எந்த நாட்டுக்காரரோ, நன்றாக இருக்கட்டும்.

இப்படி நிறைய ப்ளகின்கள் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும், நிரல்களைப் பிரதியெடுத்து வைக்க உதவும் 'கிட்' என்ற மென்பொருள் மூலம்தான் எடுப்பேன். எழுதியவர் இணையத்தில் ஏதாவது திருத்தியிருந்தால், 'புல்', அதாவது 'இழு', என்று ஒரு கட்டளை கொடுத்ததும் அந்தத் திருத்தம் என் கோப்புக்கும் வந்துவிடும். காலையில் காபி வருவதற்குள் புல் கொடுக்காவிட்டால் பல் தேய்க்காத மாதிரி இருக்கும் எனக்கு. இந்தப் பைத்தியத்தை அடுத்தவர்களுக்கும் பிடிக்கவைக்கப் பார்ப்பேன்.

போன சீசனில் குற்றாலத்தில் குளிக்க மச்சினன் வந்திருந்தான். ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருப்பவன். கடைவாசலில் ஒட்டும் அறிவிப்புகளைத் தமிழில் டைப் செய்ய ஏதாவது போட்டுத் தரச் சொல்லி லேப்டாப்பை நீட்டினான். நான் என் எடிட்டரையும் அத்தனை ப்ளகின்களையும் ஏற்றி, லேப்டாப்பைத் திறந்ததும் தானாகவே புல் ஆகும்படியும் செய்து கொடுத்தேன். "அவன் கேட்டது என்ன, நீங்க குடுக்கது என்ன?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த சீசனில் எனக்குக் கேடு ஒரு துண்டு வடிவத்தில் வந்தது. சாரல் பிடித்துவிட்டால் இங்கே துணி காயாது. ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, ஹாலில் கொடி கட்டி ஃபேனுக்கு அடியில் போடுவோம். அப்படிப் போட்ட ஈரத்துண்டு சொட்டுச் சொட்டாக என் லேப்டாப்பின் மேலேயே வடிந்திருந்தது. நானே போட்ட துண்டு என்பதால் யாரையும் திட்டக்கூட வழியில்லை.

கம்பெனி வேறு லேப்டாப் அனுப்பியது. ப்ளகின்களை மறுபடி இறக்கினேன். எல்லாம் வந்தன, அந்த ஒன்றைத் தவிர. இடைப்பட்ட நாட்களில் எழுதியவர் அதை இணையத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். தேடாத இடமில்லை.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி இடது மணிக்கட்டும் வலிக்க ஆரம்பித்தது. வேலை தேங்கியது. "வேற யாருக்காவது மாத்திக் குடுத்திரலாமா?" என்று மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார். இந்த வேலையும் போனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பேன்?

அந்த நேரத்தில்தான், சீசனுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்க மனைவி தம்பிக்கு போன் போட்டாள். பேச்சுவாக்கில் அவன் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "அத்தான் இருக்காவளா? கொஞ்ச நாளா லேப்டாப்பத் திறந்தா ஒரு கருப்புத் திரை வருது. எதையோ காணோம்னு இங்கிலீஷ்ல சொல்லுது. நான் மூடிட்டு வேலையப் பாக்கேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். தானாகப் புல் ஆகப் போய், அது இணையத்தில் காணோம் என்றது என் ப்ளகினைத்தான். அப்படியென்றால், இணையத்திலிருந்து மறையும்வரை அவன் லேப்டாப் ஒழுங்காக அதை இழுத்து வைத்திருக்கிறது. கிட்டில் பிரதி எடுத்தவர் எவரிடமும் ஆரம்பத்திலிருந்து நடந்த திருத்தங்கள் மொத்தமும் இருக்கும். மூலம் போனால் பிரதியே மூலம்.

சாரலில் நனைந்துகொண்டே ஆலங்குளத்துக்கு பஸ் ஏறினேன். உரமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவன் லேப்டாப்பிலிருந்து பென்டிரைவுக்கும், அதிலிருந்து என்னுடையதுக்கும் மாற்றினேன். இரண்டு எழுத்துத் தட்டினேன். முழு வரி வந்து நின்றது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"மாப்ள, இத நீ ஒரு தடவகூடத் தொட்டதில்ல. தெனமும் தொல்லை வேற பண்ணிருக்கு. அழிச்சிருக்கலாம்லா?"

அவன் மூட்டையை நகர்த்திக்கொண்டே சொன்னான்:

"நெனச்சேன் அத்தான். ஆனா மத்தியானம் பூரா ஒத்தக் கையால உக்காந்து போட்டுத் தந்திய. அழிக்க மனசு வரல."