பேப்பரில் வந்த கரடி

எண்பத்து நாலில் ஊரில் ஆமிக்காரன் துவக்குப்பிடியால் அடித்த அடியில் அலோசியஸின் இடது முழங்கால் சிதைந்துபோனது. ஜேர்மனியில் அவன் கொடுத்த அகதி விண்ணப்பம் முழுக்க அந்த முழங்காலை நம்பித்தான் இருந்தது. இந்தக் காலால் ஓடவோ வேகமாகச் சைக்கிள் மிதிக்கவோ முடியாது என்ற டொக்டரின் கடிதமும் கையில் இருந்தது.

நடந்தால் நோகும், சைக்கிளில் மெல்லப் போனால் நோகாது. மாதாகோயிலில் பழக்கமான பீலிக்ஸ் என்ற ஜேர்மன் பொடியன் பட்டாளத்துக்குப் போகும்போது தன் மலைச் சைக்கிளை அவனிடம் விட்டுப் போயிருந்தான். ஏற்றத்தில் அதை ஊன்றுகோல்போலப் பிடித்து உருட்டுவான். இறக்கத்தில் ஏறி உட்காருவான். அகதி முகாமில் அடைந்து கிடந்தவனுக்கு அது ஒன்றுதான் மூச்சு.

எண்பத்தேழு ஒக்டோபர். காட்டுப் பாதை முழுக்கச் சருகு. சைக்கிளை உருட்டிக்கொண்டு வளைவு திரும்பினான். இருபது அடியில் கரடி, மரத்தடியில் கொட்டை பொறுக்கித் தின்றுகொண்டு நின்றது. சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, முழங்கால் மடங்கி அவன் ஒரு பக்கம் விழுந்தான். காற்சட்டை நனைந்தது. கரடி அவனை ஒருதரம் பார்த்தது. பெரிதாக எடுக்காமல் மேலே ஏறிப் போய்விட்டது. அவன் எழும்ப ஒரு மணித்தியாலம் பிடித்தது.

"கரடியோ? இந்த நாட்டிலை ஏதடா கரடி? கண்ணாடியைப் பாத்திருப்பாய்," என்றார் முகாமில் கூட இருந்த தம்பித்துரை அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் வனக்காவலர் கரடியின் அடித்தடம் கண்டார்; எல்லை மலை தாண்டி வந்ததாம். உடனே ஒரு பேப்பர்காரன் வந்தான். அந்த நாட்டில் அலோசியஸ் சொன்னதை ஒருவன் சந்தேகப்படாமல் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. நாக்கு நீண்டுவிட்டது.

"சைக்கிளிலை ஏறி விட்டன் பாருங்கோ ஒரு மிதி! கரடி துரத்தத் துரத்த மலையாலை பறந்து வந்தன்."

அவன் சொன்னது பேப்பரில் படத்தோடு வந்தது. தம்பித்துரை அண்ணையே அதை வெட்டிக் கொடுத்தார்.

"இதையும் பைலிலை வையடா. பேப்பரிலை பேர் வந்தவனைத் திருப்பி அனுப்புவாங்களோ?"

ஞானஸ்நானச் சான்றிதழ் முதல் பள்ளிக்கூட றிப்போட் வரை அடுக்கியிருந்த பைலில், எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்தான்.

தை மாத விசாரணையில் அதிகாரி அதை ரசித்துத்தான் வாசித்தார். பிறகு டொக்டரின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மொழிபெயர்க்க வந்த மதராஸ்காரப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இந்தக் காலோட கரடிய எப்படி முந்தினீங்கன்னு கேக்கறார். ரெண்டுல எது பொய்யாம்?"

அலோசியஸ் அவள் பக்கம் திரும்பினான்.

"பேப்பர்தான் பொய், தங்கச்சி. நான் ஓடேல்லை. விழுந்து கிடந்தனான். காற்சட்டையோடை மூத்திரம் போயிட்டன். அப்பிடியே சொல்லுங்கோ."

அவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள். அதிகாரி தலை நிமிராமல் எழுதினார்.

பங்குனியில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. கரடி வந்தது வனக்காவலரே கண்டதாம்; ஆனால் விண்ணப்பதாரர் இடத்துக்கு ஏற்றபடி கதை மாற்றுகிறவராம். முழங்கால் காயத்துக்கு அவர் சொன்ன காரணத்தையும் நம்ப முடியாதாம். அகராதியை வைத்துக்கொண்டு அலோசியஸ் இரண்டு தரம் வாசித்தான்.

தம்பித்துரை அண்ணை கட்டிலில் வந்து குந்தினார். அன்று அவர் பகிடி விடவில்லை.

"நீ மூத்திரம் போனதைப் போட்டிருக்கிறாங்களோ?"

"இல்லை அண்ணை," என்றான் அலோசியஸ். "கரடியை மட்டும் நம்பியிருக்கிறாங்கள்."