பெரியப்பா அனுப்பிய துவக்கு

அமெரிக்காவில் இருந்த பெரியப்பா எனக்கென்று அனுப்பிய ஒரே பரிசு ஒரு துவக்கு. துப்பாக்கியை எங்கள் ஊரில் துவக்கு என்றுதான் சொல்வோம். இது விளையாட்டுத் துவக்கு. ஆனால் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் யாரும் உடனே அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். இரும்பில் செய்த நல்ல பாரமான சாமான். கைபிடி மரம் போலவே இருக்கும். நடுவில் இருந்த உருளை விரலால் தட்டினால் சுழலும். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு தோல் வாரும், துவக்கைச் செருகி வைக்க அதில் ஓர் உறையும் இருந்தன. என் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் பிந்தி அது தபாலில் வந்தது.

நாங்கள் அப்போது அவுஸ்திரேலியாவில் டண்டினொங் என்ற இடத்தில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கார் இருக்கைகள் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் ஊரில் நாலாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்திருந்தேன். உண்மையில் என் படிப்பு அத்தோடு முடிந்துவிட்டது. இங்கே பள்ளிக்கூடத்தில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். யாராவது என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்ப்பேன். கேட்டவர் போகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன்.

துவக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பையன். அதுவரை வேலிக்கு மேலால் என்னைப் பார்ப்பதும் போவதுமாக இருந்தவன், இடுப்பில் அதைக் கண்ட அன்றைக்கே வேலி ஏறிக் குதித்துவிட்டான். அவனிடம் தண்ணீர் பீச்சும் பிளாஸ்டிக் துவக்கு ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு நிற்க அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக்கொள்வது என்று பேச்சில்லாமலே முடிவாகியது. 'டுமீல்' என்று கத்தவும் புல்லில் விழுந்து சாகவும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. அவுஸ்திரேலியாவில் நான் வாய் திறந்து சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அம்மாவுக்கு அந்தத் துவக்கு பார்சலைப் பிரித்த நிமிடத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லவில்லை. விளையாடி முடிந்ததும் அதைப் பழைய துவாயில் சுற்றி என் கட்டிலுக்குக் கீழே வைக்க வேண்டும், வாசல் பக்கம் கொண்டுபோகக் கூடாது, இவ்வளவும்தான் சட்டம்.

அந்த வருடம் தஸ்மேனியா மாநிலத்தில் ஒருவன் கண்டபாட்டுக்குச் சுட்டுப் பலரைக் கொன்றான். அதற்குப் பிறகு அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. சில வகைத் துவக்குகளை இனி யாரும் வைத்திருக்கக் கூடாது, குறித்த திகதிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், அதற்கு விலையும் தரப்படும் என்றார்கள். தொலைக்காட்சிச் செய்தியில் துவக்குகளைக் குவித்துப் போட்டிருந்ததைக் காட்டினார்கள். விறகுக் குவியல் மாதிரி இருந்தது. அப்பா சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னார். அம்மா ஒன்றை மட்டும் இரண்டு தரம் கேட்டார்: திகதி எப்போது முடிகிறது?

அந்தச் சனிக்கிழமை காலை பெரியப்பா தொலைபேசியில் வந்தார். அவர் டெக்சஸில் ஒரு பெட்ரோல் நிலையத்துக் கடையில் இரவு வேலை செய்தார். மேசை இழுப்பறையில் உண்மையான கைத்துவக்கு ஒன்று வைத்திருப்பதாக அடிக்கடி சொல்வார். அவருடைய குரல் அப்பாவின் காதையும் தாண்டி வரவேற்பறை முழுக்கக் கேட்கும். புதுச் சட்டத்தின் செய்தி அங்கேயும் போயிருந்தது. அவருடைய கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவுஸ்திரேலியாக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். அரசாங்கம் வந்து பறிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற சனம் என்கிறார்களாம்.

"தம்பி, யோசிச்சுப் பார். ஊரில எங்கட ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு துவக்கு இருந்திருந்தா எங்களை இப்பிடி உலகம் முழுக்கக் கலைச்சிருப்பாங்களோ?"

அப்பா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு மெதுவாக, "இருந்ததுதானே அண்ணை. கடைசியில எல்லாரிட்டயும் இருந்தது" என்றார்.

பெரியப்பா அர்த்தமில்லாத பேய்க்கதை கதைக்காதே என்றார். தன் கடையில் ஒருவன் கை வைத்துப் பார்க்கட்டும் என்றார். அந்தத் துவக்கை ஒருநாளாவது வெளியில் எடுத்தாரா என்று அப்பா கேட்டார். எடுக்கவில்லை, ஆனால் அது அங்கே இருப்பதால்தான் எடுக்கத் தேவை வரவில்லை என்று பெரியப்பா சொன்னார். அப்பா அதற்கும் ஓம் என்றார். அண்ணனோடு வாதாடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. தொலைபேசியை வைத்தபிறகு அம்மா குசினியிலிருந்து வந்து, ஈரக் கையைத் துடைத்தபடி, அப்பாவிடம் சொன்னார்:

"இஞ்சேருங்கோ, பொடியன்ர துவக்கையும் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

அப்பா சிரித்துவிட்டார். அவர்கள் கேட்பது உண்மைத் துவக்கு, இதைக் கொண்டுபோனால் தன்னை விசரன், பைத்தியக்காரன் என்று நினைப்பார்கள் என்றார். அம்மா சிரிக்கவில்லை. திகதி முடிந்ததும் வீடு வீடாகச் செக்கிங் வருவார்கள், அறிவித்தால் அடுத்தது அதுதான் என்றார். இந்த நாட்டில் அப்படி இல்லை என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் குப்பைத் தொட்டியில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். குப்பையில் யாராவது கண்டெடுத்து, இது இந்த வீட்டுக் குப்பை என்று காட்டிக் கொடுப்பார்கள் என்றார் அம்மா. தொழிற்சாலையில் தன் அலுமாரிக்குள் பூட்டி வைப்பதாக அப்பா சொன்னார். அப்போது அங்கேயும் போவார்கள், உங்களையும் பிடிப்பார்கள் என்றார் அம்மா.

"அது விளையாட்டுத் துவக்கப்பா" என்றார் அப்பா கடைசியாக.

"அங்கயும் விளையாட்டுத் துவக்குத்தான்" என்றார் அம்மா.

அப்பா எழுந்து போய்க் கார்ச் சாவியைத் தேடினார்.

அந்தப் பதிலின் அர்த்தத்தை அப்பா எனக்குச் சொன்னபோது நான் கல்யாணம் முடித்திருந்தேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். சின்ன மாமா. கை வேலையில் கெட்டிக்காரர். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்று கேட்டது என்று பலகையைச் சீவி ஒரு துவக்குச் செய்து, கறுப்பு மையும் பூசி, காயட்டும் என்று வீட்டு விறாந்தையில் வைத்திருந்தார். ஆயுதம் இருந்தால் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று ராணுவம், எங்கள் பேச்சில் ஆமி, ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போன வாரம் அது. மரத்துவக்கை ஒப்படைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? திகதி முடிந்து சோதனைக்கு வந்தவர்கள் அதைக் கண்டார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி மாமாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும், சின்ன மாமா வெளிநாடு போய்விட்டார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பெரியப்பாவிடமிருந்து பார்சல் வருகிற மாதிரி ஒருநாள் அவரிடமிருந்தும் வரும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவி கிடைத்ததும் அன்றைக்கே புறப்பட்டோம். நானும் வரவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பொடியனின் சாமான் என்று அவர்களுக்குக் கண்ணால் தெரிய வேண்டுமாம். வீட்டில் தனியாக இருக்கவும் அவரால் முடியவில்லை. சேலைக்கு மேல் அப்பாவின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு காரின் முன் இருக்கையில் உட்கார்ந்தார். நான் பின்னால் துவாய்ப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தேன். எலுமிச்சை மரத்தடியில் புதைத்திருக்கலாமே என்று அப்போதுதான் யோசனை வந்தது. எனக்கு எல்லா யோசனையும் அப்படித்தான், காரில் ஏறிய பிறகு வரும். துவக்கு இல்லாமல் போனால் பக்கத்து வீட்டுப் பையன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுவான்.

துவக்குகளை வாங்குவதற்கென்று ஒரு மண்டபத்தில் பொலிஸ்காரர்கள் மேசை போட்டிருந்தார்கள். அம்மா காரிலேயே இருந்துவிட்டார். நானும் அப்பாவும் வரிசையில் நின்றோம். முன்னும் பின்னும் பெரிய தொப்பி வைத்த பண்ணைக்காரர்கள். எங்களுக்கு முன்னால் நின்ற கிழவர் ஒரு நீளத் துவக்கைக் கட்டம் போட்ட கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தோளில் சாய்த்து வைத்திருந்தார். அது அவருடைய அப்பாவின் துவக்காம். முயலையும், கால் முறிந்த ஒரு குதிரையையும் தவிர அது எதையும் சுட்டதில்லையாம். குற்றம் செய்கிறவன் எவனாவது இந்த வரிசையில் நிற்கிறானா பார், ஒழுங்காக இருந்தவனிடம்தான் பறிக்கிறார்கள், அமெரிக்காவில் என்றால் இது நடக்குமா என்று அவர் அப்பாவிடம் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றார். பிறகு கிழவர், நீ என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார்.

அப்பா என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கித் துவாயை விரித்தார்.

கிழவர் முதலில் சிரித்தார். அவரைப் பார்த்துப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மேசையில் இருந்த இளம் பொலிஸ்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து, இது தேவையில்லை, மகனிடமே கொடுத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சுக்குள் மணி அடித்தது. அப்பாவின் காதுகள் சிவந்திருந்தன. இருந்தும் அவர் நகரவில்லை.

அப்பாவின் ஆங்கிலத்தைத் தமிழில் எழுதுவது கஷ்டம். அதில் வசனம் இருக்காது. மனைவி, என்றார். கார், என்று வெளியே காட்டினார். எங்கள் நாடு. ஆமி. இது போல, மரம். மனைவியின் தம்பி. கூட்டிக்கொண்டு போனது. திரும்பி இல்லை. பிளீஸ், யூ டேக்.

சிரிப்பு எப்படி நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. மாமா வெளிநாடு போனதைப் பற்றி அப்பா ஏன் இவர்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

உள்ளே இருந்து வயதான ஒரு பொலிஸ்காரர் வந்தார். இரண்டு கையாலும் என் துவக்கை வாங்கினார். மற்றத் துவக்குகளுக்குச் செய்தது போலவே அதன் உருளையைத் திறந்து, உள்ளே குண்டு எதுவும் இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்தார். நிலத்தை நோக்கிப் பிடித்து விசையை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்த நீண்ட மேசையில், வரிசையின் கடைசியில், மற்றவை பார்த்த திசையிலேயே அதையும் கிடத்தினார். கிழவரின் துவக்குக்கு அருகில் அது ஒரு குட்டி போலக் கிடந்தது. "இனி இது எங்களுடையது, உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்" என்றார்.

நான் அழத் தொடங்கினேன். சத்தம் வராமல் அழ எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கிழவர் கண்டுவிட்டார். வேலை முடிந்தும் அவர் போகாமல், வெறும் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசையையே பார்த்தபடி நின்றிருந்தார். குனிந்து, சிநேகிதனிடம் சொல்வது போல என்னிடம், "எனக்கும்தான், மேட்" என்றார். அதுவரை யாருக்கும் பதில் சொல்லாத நான் அவருக்குத் தலையாட்டினேன்.

அடுத்த நாள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் வழக்கம்போல வேலி ஏறிக் குதித்தான். என் இடுப்பில் தோல் வாரும் வெறும் உறையும்தான் இருந்தன. அம்மா அவற்றைக் கொடுக்கச் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல் உறைக்குள் கைவிட்டு இரண்டு விரலை வெளியே எடுத்து நீட்டி, டுமீல் என்றேன். அவன் சற்று யோசித்தான். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் விழுந்து செத்தான். இன்றைக்கும் அவன் என் சிநேகிதன்தான். இப்போது பொயிண்ட் குக் என்ற இடத்தில் இருக்கிறான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று காரில் நடந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா கண்ணாடிகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மூச்சுப் பட்டுக் கண்ணாடி முழுவதும் வெள்ளையாக இருந்தது. அப்பா ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எடுத்தவங்களோ?"

"எடுத்திட்டாங்கள். தங்கட எண்டு சொல்லச் சொன்னவர்."

"ஆற்ற வீடு, எங்க எண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை."

"பொடியனை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"ஒண்டும் கேக்கேல்ல. அவனோட ஒரு ஐயா கதைச்சவர், அவ்வளவுதான்."

அம்மா திரும்பி என்னை, தலையிலிருந்து கால்வரை, புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிள்ளையின் நல்ல துவக்கை வீணாகக் கொடுத்துவிட்டோமே என்ற கவலையில்தான் அம்மா அழுகிறார் என்று எனக்குப் பட்டது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னுடைய அழுகையை நிறுத்திக்கொண்டு, இருக்கைக்கு மேலால் எட்டி, அவருடைய தோளைத் தொட்டேன்.

"அது விளையாட்டுத் துவக்குத்தானே அம்மா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அம்மா சத்தம் போட்டு அழுதார். அப்பா காரைக் கிளப்பாமல் அப்படியே இருந்தார். ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து நான் கையை மெல்ல எடுத்துக்கொண்டேன்.